இடது கண்ணின் கீழோரம்

மார்ச் 4

அன்புள்ள அப்பா,

அன்று எங்கள் கண் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வந்தபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான். உங்கள் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. பார்வை நரம்பின் கீழோரத்தில், நகத்தால் கீறியதுபோல ஒரு சின்னச் சிவப்புக் கோடு. படம் எடுத்தவளே நான்தான். திரையில் வந்ததும் பார்த்துவிட்டேன். "என்னம்மா, மூஞ்சி லட்சணமா விழுந்திருக்கா?" என்று கேட்டீர்கள். "நல்லா விழுந்திருக்குப்பா" என்றேன்.

டாக்டர் அன்று விடுப்பு. படம் எடுப்பவர்கள் முடிவு சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்னும் இரண்டு வருடம் பஸ் ஓட்டுவேன் என்று வரவேற்பறைப் பெண்ணிடம் நீங்கள் பெருமையடித்துக்கொண்டிருந்தீர்கள்.

நேற்று டாக்டர் படத்தைப் பார்த்தார். சொட்டு மருந்தையும் மீறி உங்கள் கிளாக்கோமா, அந்தக் கண் அழுத்த நோய், முற்றுகிறது என்பதற்கு இது அடையாளமாம். ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். என்னென்ன மாத்திரை, எந்த வேளை என்றும் கேட்டார். போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். எழுதுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 11

என் ஊமைக் கோட்டானுக்கு,

ரத்தமா? வலிக்கவே இல்லையேம்மா! நேத்துகூட தூரத்துல ஒருத்தி கை காட்டினதைப் பார்த்து வண்டிய நிறுத்தினேன். பார்த்தா அவ கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிறா.

மறைக்காம சொல்றேன், திட்டாதே. சொட்டு மருந்து ஒழுங்காப் போடுறேன். ரத்தக் கொதிப்புக்குத் தர்ற பிரஷர் மாத்திரைதான், டிப்போ மெடிக்கல் நெருங்குதுன்னு ரெண்டு மாசமா படுக்கும்போது ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கிறேன். காலையில அளந்தா கச்சிதமா நிக்கும். மெடிக்கல் 28ஆம் தேதி. அதுவரைக்கும் டாக்டர்கிட்ட மூச்சு விடாதே. வண்டிய வாங்கிக்கிட்டா நான் வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவேன்?

அப்பா

மார்ச் 16

அன்புள்ள அப்பா,

ஏன் கசிகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கண்ணின் அழுத்தத்தில் நரம்பு இழுபட்டு, பக்கத்திலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய் கிழியலாம். நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவதாலும் இருக்கலாம். சர்க்கரை, ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை என்று சந்தேகங்கள் நீளும். அவை எதுவும் உங்களுக்கு இல்லை. ஆனால் தூக்கத்தில் ரத்த அழுத்தம் தானாகவே இறங்கும். அதை நீங்கள் இரண்டு மாத்திரையால் இன்னும் கீழே தள்ளுகிறீர்கள். நரம்பு பட்டினி கிடக்கிறது. இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. இருக்கலாம் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

28 வரை டாக்டரிடம் சொல்ல மாட்டேன். பதிலுக்கு, எழுதிக் கொடுத்தபடி ஒரு மாத்திரை மட்டும். 29 காலை ரயில் ஏறிவிடுங்கள்.

மகள்

மே 20

கோட்டானுக்கு,

மெடிக்கல் பாஸ்! ஒரு வாரம் மட்டும் ரெண்டு போட்டேன், கோவிச்சுக்காதே. அப்புறம் டூட்டிக்கு ஆள் இல்லன்னு லீவு தரல. அதான் இங்கேயே ஒரு கண் டாக்டர்கிட்ட போனேன். ரத்தக் கசிவே இல்லைங்கிறாரு! வேற ஏதோ பரிசோதனைக்கு எழுதிக் குடுத்தாரு, அதை விடு. உன் சிவப்புக் கோடு ஓடிப்போச்சு. இனி அங்க வர்ற வேலை மிச்சம்.

அப்பா

மே 26

அன்புள்ள அப்பா,

அந்தக் கோடு சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் அந்த இடத்தில் சேதமான நரம்பு ஆறாது. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ரத்தம் என்ற சொல்லே போதும், நீங்கள் ஓடி வருவீர்கள் என்று நினைத்தேன். இன்று டாக்டரிடம் மாத்திரை விஷயம் முழுவதும் சொல்லிவிட்டேன். கோபப்படுங்கள், ஆனால் வாருங்கள்.

மகள்

அக்டோபர் 9

அன்புள்ள அப்பா,

மே மாதக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. டிப்போ வாசலில் பாதி இறக்கியிருந்த ஷட்டர் கண்ணில் படாமல் நீங்கள் பஸ்ஸைக் கொண்டுபோய் மோதியதை அம்மாதான் போனில் சொன்னாள். வண்டியில் யாரும் இல்லையாம்.

போன வாரம் அம்மாவோடு வந்தீர்கள். என் கேமராவின் முன்னால் உட்கார்ந்தீர்கள். "மேலே பாருங்கப்பா" என்றேன். பார்த்தீர்கள்.

அன்று செய்த பார்வைப் பரப்புப் பரிசோதனையின் முடிவு இன்று வந்தது. இந்தத் தடவை உங்களுக்கு நானே சொல்கிறேன். கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ்; நரம்பின் கீழோரம் பட்டுப்போனதால் இடது கண்ணில் மேல்பாதிப் பார்வை போய்விட்டது. அது திரும்பாது.

மகள்