ராங்கியைக் கறிவைக்கச் சொன்னவனுக்கு

புறங்கையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசியிருக்கிறேன். சேவல் காயத்துக்கு நீ பூசுவாயே, அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பூ வாசனையில் புருஷன் ஞாபகம் வருகிறவர்களும் இருப்பார்கள். எனக்கு வாய்த்தது இதுதான். காலையில் ஒரு வெடைக்கோழியை, இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டையை, பிடிக்கப் போய்க் கொத்து வாங்கினேன். யாருக்காகப் பிடித்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் நீ எப்பேர்ப்பட்ட ஆள் என்று உனக்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இருந்தபோது எங்கே பேசவிட்டாய்?

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் கிரேன் ஓட்டினாய். மேலே உட்கார்ந்தே பழகியதால் வீட்டிலும் மேலேயிருந்துதான் பேசுவாய். ஷிப்ட் முடிந்து வந்தால் கைகால் கழுவுமுன்னே அந்தக் காகச் சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாய். கறுகறுவென்று இருக்கும் அது. ஆலைக்கரி கூரை ஷீட்டெல்லாம் படிகிற ஊரில் அதற்குத் தினமும் வெந்நீர்க் குளியல் வேறு. வெந்நீர் வைத்தவள் நான். பேக்கிங் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த காலோடு வைத்தேன். சேவலுக்குக் கால் வலிக்குமே என்று எண்ணெய் நீவுவாய். எனக்குக் கால் இருப்பதே உனக்குத் தெரியாது.

சண்டைச் சேவல் வளர்ப்பில் நீ பெரிய மேதை. வீரமெல்லாம் சேவலிடமிருந்துதான் வரும், பெட்டை சாதுவாக, அடங்கி இருக்க வேண்டும், இதுதான் உன் சித்தாந்தம். "பெட்டை வெறும் பொட்டிமே. போட்டத பத்திரமா எடுத்துக் குடுக்கும், அவ்ளோதான்" என்பாய். அதனால் கொத்தாத, பயந்து ஒதுங்குகிற பெட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கினாய். ரத்தம் கலையக் கூடாது என்று தகப்பன் சேவலை மகளோடு சேர்த்தாய், அப்புறம் பேத்தியோடும் சேர்த்தாய். பொரித்ததில் பாதி செத்தது. மிச்சத்தில் ஒன்றுக்கு அலகு கோணல், ஒன்றுக்குக் கால் வளைவு. அப்போதும் குற்றம் உன் சேவலிடம் இல்லை, நான் போட்ட தீனியிலாம்.

ராங்கி என்கிற பெட்டையை என் அம்மா ஊத்துக்கோட்டைச் சந்தையில் வாங்கித் தந்தாள். மண் நிறம், மெலிந்த உடம்பு. பார்வை மட்டும் போலீஸ்காரி பார்வை. நாய் வந்தால் முகத்தில் பாயும். மற்ற பெட்டைகளைத் தீனிப் பக்கமே விடாது. அதை வைத்துச் சமாளித்தவள் நான். நடுவில் தகரம் வைத்து மறைத்தேன். தீனியை எதிரெதிர் மூலைகளில் இறைத்தேன். பிடிக்க வேண்டுமென்றால் பின்னாலிருந்து கோணியைப் போட்டு மூடிப் பிடிப்பேன். நேருக்கு நேர் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். நீ மட்டும் எப்போதும் பண்ணையார் மாதிரி அதன் எதிரே போய் நிற்பாய்.

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியோரம் கீரி வந்தது. உன் சாதுப் பெட்டைகள் குஞ்சுகளை விட்டுவிட்டுச் சுவரேறிவிட்டன. ராங்கி மட்டும் நின்றது. வால் இறகு மொத்தமும் போயும் ஒரு அடி பின்வாங்கவில்லை. கீரிதான் ஓடியது. நான் உன்னிடம் ஓடி வந்து, "இதுங்கிட்ட ஒரு அடை முட்டை எடுத்துப் பாரு. இது புள்ள பின்னாடி திரும்பாது" என்றேன். "கோழி டாக்டரம்மா வந்துட்டாங்கப்பா!" என்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் எரிகிறது.

அப்புறம் உன் ஆலை ஆட்கள் நாலு பேர் சேவல் பார்க்க வந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ராங்கி உன் கணுக்காலில் ஒரு போடு போட்டது. நீ லுங்கியைத் தூக்கிக்கொண்டு குதித்தாய், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் போனதும் உத்தரவு வந்தது. "ஞாயித்துக்கெழம இத அறுத்துக் கொழம்பு வெச்சுடு. பொட்டச்சிக்கு இவ்ளோ திமிரு ஆவாது." அந்த வார்த்தையைக் கோழிக்குச் சொன்னதாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நீ ஷிப்டுக்குப் போன சனிக்கிழமை, ராங்கியைப் பையில் போட்டுக் கவரைப்பேட்டையில் அம்மா வீட்டில் விட்டு வந்தேன். மறுநாள் கடையில் பிராய்லர் வாங்கிக் குழம்பு வைத்தேன். எலும்பைக் கடித்துக்கொண்டே, "திமிர் புடிச்சது. கறி எவ்ளோ கெட்டியா கீது பாரு" என்றாய். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஊரே வந்து யோசனை கேட்கிற கோழி மேதை! பிராய்லருக்கும் சண்டைக்கோழிக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு! அன்றைக்கு உன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது.

ராங்கி அங்கே போயும் முட்டை போட்டது. உன் சேவலோடு சேர்ந்திருந்ததால் எல்லாம் கருவுள்ள முட்டை. உமி பரப்பிய நாஷ்டா டப்பாவில் ஏழு முட்டைகளை ரயிலில் கொண்டுவந்து, அடை கிடந்த உன் சாதுப் பெட்டைக்கு அடியில் மாற்றி வைத்தேன். அதில் வந்ததுதான் அந்தச் செவலைச் சேவல். அதைப் பார்க்க எல்லை தாண்டி ஆந்திராக்காரர்கள் வந்தார்கள். நீ மார்தட்டினாய்: "எல்லாம் என் காகத்தோட ரத்தம்டா!" நான் அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு உள்ளே போனேன். சொல்லவில்லை. சொன்னால் நம்பவா போகிறாய்?

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பிராய்லரையும் முட்டையையும் பற்றிச் சொல்லிவிடலாம் என்று குனிந்தேன். "கோழிக்குத் தண்ணி வெச்சியா?" என்றாய். நான் சாப்பிட்டேனா என்று இல்லை, இனி என்ன செய்வேன் என்று இல்லை. போ, முட்டாளாகவே போய்ச் சேர் என்று மூடிக்கொண்டேன். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்று காலை, அந்த நாலு பேரில் ஒருவன் பைக்கில் வந்தான். அந்தச் செவலைச் சேவலின் வழியில் ஒரு வெடை வேண்டுமாம். பிடித்துக் கொடுத்தேன், கொத்தும் வாங்கினேன். ரத்தத்தைப் பார்த்து அவன் சிரித்தான். "அப்படியே ராங்கி, அண்ணி. அண்ணன் சரியாத்தான் சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"பிராய்லர வெச்சு ஏமாத்துனீங்களாமே! வாயில வெச்ச ஒடனே தெரிஞ்சிடுச்சாம். கெட்டியா கீதுன்னு சும்மா சொல்லி வெச்சேண்டான்னு டீக்கடையில சொல்லி சொல்லி சிரிப்பாரு. ராங்கிய பாக்க உங்கம்மா ஊட்டுக்கே போய்க்கினு இருந்தாரே, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கினு. முட்டைய மாத்துனதும் தெரியும். எங்கூட்டுக்காரிக்கு இருக்கற கண்ணு எனக்கு இல்லடாம்பாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க முன்னாடி தோத்த மாதிரி ஆயிடுமாம்."

அவன் கோழியோடு போய்விட்டான். நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ செத்தபோது நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உன் அக்கா ஊரெல்லாம் சொன்னாள். இந்த மடையனுக்கு எதற்கு அழ வேண்டும் என்ற இளக்காரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த இரண்டு வருஷமும் நடமாடினேன், வேலைக்குப் போனேன், தனியாகச் சோறு தின்றேன். இன்று அவன் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

டீக்கடையில் அத்தனை பேரிடம் சொன்ன வாய்க்கு, பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்ல என்ன கேடு? 'உன் கண்ணு நல்ல கண்ணுமே.' நாலே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் நானும் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்போம். பெட்டைக் கோழிக்குப் பயந்தாய், பெண்டாட்டிக்கும் பயந்தாய், இதில் சேவல் வளர்க்க வந்துவிட்டாய், பெரிய வீரன்!

இப்போது அழுகிறேன். நீ இதற்கும் லாயக்கில்லாத ஆள் என்று திட்டிக்கொண்டேதான் அழுகிறேன்.