பல்லியைத் தொலைத்துவிட்டுப் போன மாப்பிள்ளைக்கு

மாப்ளே செல்வம்,

எப்படி இருக்கிறாய்? போன இடத்தில் வசதியெல்லாம் எப்படி? வேளைக்குச் சோறு போடுகிறார்களா, பேச்சுத் துணைக்கு யாராவது உண்டா? கேட்டு வைப்பது மரியாதை என்பதால் கேட்கிறேன். மற்றபடி எனக்கு இருக்கிற கோபத்துக்கு நீ எதிரில் வந்து நின்றால் ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தர மாட்டேன்.

தங்கச்சி புருஷனை நீ, வா, போ என்று பேசுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. உனக்கும் வசந்தாவுக்கும் கல்யாணமாகி ரொம்ப நாள் வரைக்கும் "வாங்க மாப்ளே, உட்காருங்க மாப்ளே" என்றுதான் சொன்னேன். அந்த ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் தோள் இடிக்க உட்கார்ந்த பிறகு அந்த மரியாதை எங்கே போனதோ தெரியவில்லை. ஆட்டத்தில் முள்ளைப் பார்த்து ஓடுகிறவனிடம் "பார்த்துப் போங்க மாப்ளே" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் செத்துவிடுகிறது. "டேய், முள்ளுடா" என்றால்தான் வேலைக்கு ஆகும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அது என்ன ஆட்டம் என்று தெரியாது. நீ லிஃப்ட் ஓட்டுகிற வேலை பார்த்த கட்டடத்தில் வேலை செய்த பிள்ளைகள் சிலர் சேர்ந்து, கம்பெனி வேலை போக மீதி நேரத்தில், தாங்களாகவே செய்த வீடியோ கேம். "அண்ணா, வெளையாடிப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தார்கள். கையில் பிடித்து ஆடுகிற ரிமோட் ஒன்றும் கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று. அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

மண்ணுக்கு அடியில் இடிந்துபோன ஒரு பட்டணம். அதில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஜீவன், முகம் கிடையாது. வழியில் எதை ஜெயிக்கிறதோ அதன் உருவத்தை எடுத்துக்கொள்ளும். தவளையானால் தண்ணீருக்குள் போகும். வௌவாலானால் இருட்டில் பறக்கும். பல்லியானால் செங்குத்தான சுவரில் விறுவிறுவென்று ஏறும். முதலில் முட்டிமோதித் திரும்பி வந்த கதவுக்கே, பிறகு ஒரு நாள் புது உருவத்தோடு போனால் வழி கிடைக்கும். அந்த ருசி கண்டவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பட்டணத்து இடங்களுக்கு நம் ஊர்ப் பேரையே வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? எல்லா வழியும் வந்து சேருகிற இடம், நம் பெரிய பஸ் ஸ்டாண்டைப் போல, மெஜஸ்டிக். தண்ணீர் தேங்கி நிற்கிற சுரங்கம் ஒக்கலிபுரம் பாலத்தடி. ஒரு மழை நாளில் நிஜப் பாலத்தடியில் உன் ஸ்கூட்டர் நின்றுபோய், இடுப்புத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "தவளையா மாறியிருந்தா நேரா வந்திருப்பேன் மச்சான்" என்று வாசலில் நின்று நீ சிரித்தது வேறு கதை. அந்த ஸ்கூட்டரைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். விடு, விஷயத்துக்கு வருகிறேன்.

நமக்கு இருந்தது ஒரே சட்டம். செத்தா கை மாத்து. ஜீவன் செத்துவிட்டால் ரிமோட் அடுத்தவன் கைக்குப் போக வேண்டும். அதில் அழுகை, கெஞ்சல், "இந்த ஒரு தபா மட்டும்" எதுவும் செல்லாது. சட்டம் போட்டதே நீதான்.

இங்கிலீஷ் விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே இருட்டு. நான் மூன்றாவதோடு நின்றவன். நீ கன்னட பஸ் போர்டை வடிவம் பார்த்துப் படிப்பாய், அவ்வளவுதான். ஆட்டத்தில் ஏதாவது எழுத்து வந்து இப்படியா அப்படியா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் இருப்பதை அமுக்குவோம். பத்தாவது வரைக்கும் படித்த வசந்தா நாலு எட்டில் அடுப்படியில் நிற்பாள். "இன்னா எழுதியிருக்கு, நான் படிச்சுச் சொல்லட்டா?" என்று கேட்பாள். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ கொழம்பப் பாரு" என்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போண்டா வாங்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் திரையின் மேல் ஓரத்தில் தவளை இருக்கிறது, வௌவால் இருக்கிறது, பல்லி இருந்த இடம் காலி.

"பல்லி எங்கடா?"

"அது இருக்கும் மச்சான். போண்டா சூடா இருக்கா?"

"இருக்கும்னா எங்க இருக்கும்?"

"ஒரு கல்லு மேடை வந்துச்சு. ஏதோ கேட்டுச்சு. அமுக்கினேன்."

நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள், என்னை வேறு பக்கம் திருப்புகிற அவசரத்தில், எதிரில் இருந்த பள்ளத்துக்குள் குதித்தாய். அடியில் ஒரு விளக்கு. விளக்கைத் தொட்டால் அந்த இடத்தோடு ஆட்டம் பதிவாகிவிடும். தொட்டுவிட்டாய். சுற்றி நாலு பக்கமும் செங்குத்துச் சுவர், மேலே முள் கூரை. விளக்கு வெளிச்சத்தில் வௌவால் பறக்காது. பல்லி இருந்தால் குதித்த வழியே ஏறலாம். பல்லியைத்தான் நீ கல்லுக்குக் கொடுத்துவிட்டாயே.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம் மச்சான்" என்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாய். கேஸ் என்றாய். வசந்தா எலுமிச்சம்பழம் பிழிந்து சோடா கொடுத்தாள். அந்த கேஸ் உனக்கு மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே இருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த வாரமே லிஃப்டுக்குள் சாய்ந்தாய். உன் கட்டடத்தின் மேல் மாடியில் நெஞ்சு டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம். தினமும் அவரை நீதான் ஏற்றி இறக்கினாயாம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, கையெட்டுகிற தூரத்தில் நின்றிருக்கிறார். "சார், இங்க வலிக்குது" என்று சொல்ல உன் வாய்க்கு என்ன கேடு? கேட்டால் குறைந்துபோவாயா? சாவு வீட்டுக்கு வந்த அந்த மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பெட்டிக்குள் படுத்திருந்த உன் மேல்தான் வந்தது. தூக்கி உட்காரவைத்துக் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது. நல்லவன், நல்லவன் என்று ஊரே அழுதபோது நான் பேசாமல் நின்றதற்குக் காரணம் துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு, வசந்தா அந்த லேப்டாப்பைத் திறந்தாள். பல்லி இருந்த காலி இடத்தை அமுக்கினாள். எழுத்து வந்தது. படித்தாள்.

"அண்ணா, இதுல இன்னா போட்டிருக்கு தெரியுமா? கல்லுக்குக் கொடுத்தது திரும்ப வராதுன்னு போட்டிருக்கு."

"வராதா?"

"வராது. குடுக்கறதுக்கு முன்னாடி அதயேதான் கேட்டிருக்கும். நான் அங்கயேதான நின்னுட்டிருந்தேன், என்னக் கூப்புட்டிருக்கலாம் இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் பல்லியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் ரயில் போனது, சுவர் அதிர்ந்தது, அந்தப் பள்ளத்தில் ஜீவன் விளக்குக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பள்ளத்தில் கொல்ல ஒரு பூச்சி கிடையாது, மாப்ளே. முள் எட்டாது. தண்ணீர் இல்லை. அதனால் அந்த ஜீவன் சாகவே சாகாது. சாகாத வரைக்கும் உன் முறைதான். நான் எப்படி ரிமோட்டைத் தொடுவேன்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் வருவேன், திறந்து வைப்பேன், பார்ப்பேன், மூடிவிட்டுப் போவேன். ஒரு பட்டனும் அமுக்கியதில்லை.

வசந்தாவுக்கு இப்போது துணி ஃபேக்டரியில் வேலை. உன் ஸ்கூட்டரில்தான் போகிறாள், உன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். போன ஞாயிறு சமையலை முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புதுசா ஆரம்பிக்கணும் அண்ணா. எனக்கு ஆடணும்."

இந்த ஆட்டத்தில் பதிவு வைக்க ஒரே இடம்தான் உண்டு. புதிதாக ஆரம்பித்தால் பழையது அழிந்துபோகும். பள்ளம், விளக்கு, நீ கடைசியாக நின்ற நிலை, எல்லாம் போய்விடும். நான் முடியாது என்றேன்.

"சும்னே பாத்துட்டே ஒக்கார இது இன்னா கல்லறையா?"

"அவன் முறை இன்னும் முடியல வசந்தா. செத்தாத்தான் கை மாத்தணும்."

"அண்ணா." என் முகத்தைப் பார்த்தாள். "அவரு செத்துட்டாரு. கை மாத்து."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். என்ன அநியாயம் பார். உன்னைத் தூக்கிக்கொண்டு போய் மயானத்தில் சேர்த்ததும் நான், இப்போது இதை அழிக்க வேண்டியதும் நானா? அவளும் தன் விரலால் அமுக்க மாட்டேன் என்கிறாள். "நீயும் ஆடினவன், நீதான் அமுக்கணும்" என்கிறாள். எல்லாவற்றையும் அரைகுறையாக வைத்துவிட்டுப் போகிற சௌகரியம் உனக்கு. மிச்சத்தைப் பொறுக்குவது எங்களுக்கு.

இன்றைக்கும் ஞாயிறு. வந்திருக்கிறேன். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். இன்றைக்கு அமுக்குவேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்கெல்லாம் இன்னும் நாளாகும். எழுத்து வருகிற ஒவ்வொரு இடத்திலும் அவளைப் படிக்கச் சொல்வேன். அவள் படித்து முடிக்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். நீ பார்க்காத கதவுகளுக்கெல்லாம் அவள் போவாள். உள்ளே என்ன இருந்தது என்று உனக்கு மட்டும் சொல்ல மாட்டேன். கிடந்து தவி.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் மச்சான்,
மாரி

இன்னொன்று விட்டுப்போனது. ஆட்டம் செய்த அந்தப் பிள்ளைகள் போன வாரம் லிஃப்டில் புது ஆளைப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டுக் கேட்டார்கள், செல்வம் அண்ணாவுக்கு ஆட்டத்தில் எந்த இடம் ரொம்பப் பிடிக்கும் என்று. நான் யோசித்துப் பார்த்தேன், மாப்ளே. நீ எப்போதும் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்ப்பாயே, அந்த

"அண்ணா, ஒக்காந்துட்டேன். வா, வந்து அமுக்கு."

வரேம்மா, இதோ, இந்த ஒரு வரிய