அரங்கில் நான் சொன்ன பெயர்

அன்பு மகள் செலீனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், பூனை எங்களைவிட நலம். டொரண்டோவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாயிருக்க வேண்டும். அம்மா உனக்கு உப்பு மீன் ஒரு பெட்டி அனுப்புகிறாள், கோபம் மூஞ்சியில இருக்கட்டும் வயித்துல இருக்கக் கூடாதுன்னு எழுதுங்க என்கிறாள். யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியாதா.

உன் படத்தின் முதல் காட்சியன்று செயின்ட் ஜான்ஸ் அரங்கில் நான் செய்ததற்கு ஊரே காறித் துப்புகிறது, பக்கத்து வீட்டு ஆம்புரோஸ் கூட, ஏம்ப்பா ஹெட்லி, படத்துல பொண்ணு சாகிற நேரத்துலயும் உன் வாய் சும்மா இருக்காதா என்று கேட்டுவிட்டான். கிறிஸ்துமஸுக்கு வேஷம் கட்டி வீடு வீடாக வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் முகத்திரையை எடுத்தாக வேண்டும், அதுதானே நம் ஊர் வழக்கம். ஒன்பது வயதில் நீ என் ரப்பர் பூட்ஸையே மாட்டி, சன்னல் திரையால் முகத்தை மூடி, மூச்சை உள்ளே இழுத்துக் கிழவன் குரலில் பேசிக்கொண்டு நம் சமையலறைக்கே வந்து ஆடினாய். ஊரை ஏய்க்கும் நான், நீதான் என்று தெரியாமல், ஐயா இன்னொரு துண்டு கேக் எடுத்துக்குங்க என்று உன்னை உபசரித்தேன். அப்புறம் பள்ளி நாடகம், டொரண்டோ உணவகத்தில் தட்டு தூக்கிக்கொண்டே வாய்ப்புக்கு அலைந்தது, தொலைக்காட்சியில் இரண்டு வரி பேசிய நர்ஸ், அடுத்து ஒரு வரியும் பேசாத பிணம், அதைப் பதவி இறக்கம் என்று கேலி வேறு செய்தேன். இப்போதுதான் முதன்முறையாகப் படம் முழுக்க நீ. நீ சாகும் அந்தக் கடைசிக் காட்சியில் அரங்கமே மூச்சடக்கி இருந்தபோது, அட இது நம்ம செலீனா என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார், நீ எழுந்து வெளியே போனாய், திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பெருமையடித்தேன் என்று நினைக்கிறார்கள், விளையாடினேன் என்று நீ நினைக்கிறாய். இரண்டும் இல்லை மகளே. கொஞ்ச நேரம் அங்கே நீ இல்லை, யாரோ ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னால், அந்த வேஷக்காரர்களைப் போல முகத்திரையை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பாய் என்று வாய் முந்திக்கொண்டது. உன் உழைப்பைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடு.

அடுத்த படத்துக்கு அம்மாவை மட்டும் அழைத்திருக்கிறாய், நியாயம்தான், அனுப்பிவைக்கிறேன். கர்த்தர் உன்னை உயர உயரக் கொண்டுபோகட்டும். கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டாமல் வெளியே போகாதே. ஒருவேளை மனம் மாறி என்னையும் கூப்பிட்டால், அந்தப் படத்தில் நீ கடைசியில் பிழைத்துக்கொள்கிறாயா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

உன் வாயாடி அப்பா,
ஹெட்லி