வீட்டு வாசல் வேகத்தடை

அன்புள்ள ஒப்துலியாவுக்கு,

நான் சுகம். உன் பல்வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்களா?

டிசம்பரில் நான் மெக்சிகோவுக்கு ஓட்டி வரப்போகும் அந்தப் பழைய நீளப்பெட்டி பிக்கப் வண்டியின் உயரத்தை ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிட்டோம். நான்கு ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டுக் குட்டையானவற்றைப் பூட்டினோம். இப்போது தரையைத் தடவிக்கொண்டு ராஜா மாதிரி நிற்கிறது.

கூட வேலை செய்யும் சூய் மட்டும் குனிந்து பார்த்துச் சிரித்தான். “மாப்ள, லாஸ் ஏஞ்சலஸ் ரோட்டுக்கு இது சரி. உங்க ஊரு வேகத்தடையில ஏத்துனா வயிறு மாட்டிக்கும்டா! இவ்ளோ நீள வண்டி, முன்னயும் போகாது, பின்னயும் வராது.”

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் நம் வாசலில் இருக்கும் வேகத்தடை எவ்வளவு உயரம் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஊரை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போடவில்லை. இடிக்கும் என்றால் திரும்ப மாட்டிவிடுவேன். அளந்து எழுது. டேப்பைத் தேடி அலையாதே, உன் கையால் சாண் போட்டால் போதும். அந்தச் சாண் எவ்வளவு என்பது எனக்கு மறக்கவில்லை.

ஹாரன் அடிக்கிறார்கள், வேலைக்குக் கிளம்புகிறேன்.

உன்
ருத்திலியோ