இறக்கைக்கு வைத்த பொட்டு

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

சோஹைல் என் உதிரிபாகக் கடைக்கு வந்தான். டிராக்டர் பேரிங் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வியாழக்கெழம லீவுதான? பாண்டிச்சேரி போய் மத்தியானம் மீன் சாப்பிட்டுட்டு, சாயந்தரம் வூட்டுக்கு வந்துரலாம்" என்றான். காரில் என்று நினைத்தேன். விமானத்திலாம்!

அவன் நாற்பத்து மூன்று வயதில் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. டைல்ஸ் கடைக்காரனுக்கு எதற்கு இதெல்லாம் என்று ஊரே கேட்டது. நான் கேட்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு இந்தப் பைத்தியம். முதல் ஆளாக நான்தான் ஏறுவேன் என்று அப்போதே வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

"பயமாடா மாது?"

"சேச்சே."

"தொப்பூர் எறக்கத்துல லாரிக்கு முன்னாடி பைக் ஓட்டறவன் நீ. இதுல என்ன?"

அங்கே காலை ஊன்றினால் தரை இருக்கிறதே. இதை அவனிடம் சொல்லவில்லை.

30 செப்டம்பர், செவ்வாய்

ஒரே ஒரு எஞ்சினாம். ஏன்தான் கேட்டேனோ.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கடையில் ஸ்பேனரிலிருந்து தராசு வரைக்கும் சந்தனம் வைத்தாயிற்று. நான் பொட்டு வைக்காமல் எதையும் ஓடவிட்டதில்லை. சோஹைலின் முதல் பைக், கார், குல்ஷனோடு அவனுக்குக் கல்யாணம் ஆனபோது வாங்கிய ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தேன். மறுநாள் துடைத்துவிடுவான், ஆனால் வைக்கும்போது தடுத்ததில்லை.

நாளைக்கும் வைக்கட்டுமா என்று போனில் கேட்டேன். "டேய், அது ஃபிளையிங் கிளப்போட விமானம். ஒண்ணையும் தொடாத, சொல்லிட்டேன்" என்றான்.

மிச்சச் சந்தனத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து வைத்தேன். எதுக்கு என்று காவியா கேட்டாள். சும்மா என்றேன். பெண்டாட்டியிடமே பொய்.

2 அக்டோபர், வியாழன்

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

காலையில் சேலத்துப் பக்கம் இருக்கிற கிளப்புக்குப் போனோம். சோஹைல் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தொட்டு, அசைத்துப் பார்த்தான். மெக்கானிக் குமார் கூடவே வந்தார். பிறகு இருவரும் கையெழுத்துப் போட ஆபீசுக்குள் போனார்கள்.

நான் தனியாக நின்றேன். சட்டைப் பையிலிருந்து சந்தன டப்பாவை எடுத்தேன். இடது இறக்கைக்கு அடியில் சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு குழாய் முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டுகிற உயரம். வைத்தேன். கெட்டியாக, நன்றாக அழுத்தி. குங்குமம் வைத்தால் அவன் கண்ணில் பட்டுவிடும் என்று சந்தனத்தோடு விட்டுவிட்டேன்.

ஓடுபாதையில் வேகம் எடுத்ததும் "முருகா" என்று கத்திவிட்டேன். சோஹைல் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். அதற்குள் தரை கீழே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பு நின்றது. வேகம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. "ஏன் இவ்ளோ ஸ்பீடு?" என்று முனகிக்கொண்டே எஞ்சினைக் குறைத்தான், மூக்கைத் தூக்கினான். முள் இன்னும் ஏறியது. எங்கிருந்தோ கீச்சென்று ஒரு ஊளைச் சத்தம். விமானம் உதறியது. சடாரென்று மூக்கைக் கீழே தள்ளி எஞ்சினை முழுசாகத் திறந்தான்.

"முள்ளு பொய் சொல்லுதுடா. நாம வேகமா போவல. இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தேன்னா விழுந்திருப்போம்."

"எதனால?"

"காத்து உள்ள போற குழாய் ஒண்ணு இருக்கு. அது அடைச்சிருக்கும்."

எந்தக் குழாய்? ரெக்கைக்கு அடியில இருக்கிறதா? — கேக்கல. தெரிஞ்சுபோச்சு. நான்தான். நான்தான் ரெண்டு பேரையும் கொல்லப் போறேன்.

எஞ்சின் சத்தத்தையும் அடிவானத்தையும் மட்டும் நம்பித் திருப்பிக் கொண்டுவந்தான். முதல் தடவை இறங்க முடியாமல் மறுபடி மேலே ஏறினோம். இரண்டாவது தடவை மூன்று முறை குதித்து நின்றது. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுர்றா. ஓடுபாதையிலயே அந்த முள்ளு அசையலன்னு பாத்திருக்கணும். ஒன்னயப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்துட்டேன்" என்றான். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்!

குமார் குழாயைப் பார்த்தார். முனையில் காய்ந்துபோய் மண் நிறத்தில் அடைப்பு. "குளவி கட்டியிருக்குதுங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

3 அக்டோபர், வெள்ளி

டப்பாவைச் சாக்கடையில் எறிந்தேன். விரலில் இன்னும் மணக்கிறது.

5 அக்டோபர், ஞாயிறு

சோஹைல் போன் செய்தான். ராத்திரியில் அந்தக் குழாய்க்கு உறை மாட்ட வேண்டுமாம். குமார் மாட்டாததால்தான் குளவி புகுந்தது என்று அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"மாட்டினேன் மாட்டினேன்னு அழுவறாருடா. பதினெட்டு வருஷ சர்வீஸு. நானும் இனிமே ஓட்டப் போறதில்ல. சுத்தி வந்து பாத்தும் கண்ணுல படலன்னா எனக்கெதுக்கு லைசென்ஸு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிடா" என்று போனை வைத்துவிட்டேன். என்ன மனுஷன்டா நீ, மாதவராஜ்?

விமானத்தை விட்டு இறங்கினால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். இது அதைவிடப் பெரிதாக இருக்கிறது. சொன்னால் முப்பது வருஷ சிநேகிதம் போய்விடும். அவன் இல்லாமல் எனக்கு இந்த ஊரில் வேறு யார்?

காவியாவிடம் மட்டும் சொன்னேன். "அந்தக் குமாருக்கு எத்தன புள்ளைங்க?" என்றாள். தெரியாது என்றேன். எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

6 அக்டோபர், திங்கள்

சொல்லிவிட்டேன். அவன் கடையில், டைல்ஸ் அடுக்குகளுக்கு நடுவில், நின்றபடியே.

"தொடாதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"நான் செத்திருந்தா குல்ஷன்கிட்ட என்னடா சொல்லியிருப்ப?"

"நானும்தான செத்திருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. "குமார்கிட்டப் போய்ச் சொல்லு. கிளப்லயும் சொல்லு. நான் கூட வர மாட்டேன்."

7 அக்டோபர், செவ்வாய்

பஸ்ஸில் போனேன். தொப்பூர் வளைவுகளில் ஒவ்வொரு தடவையும் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. கிளப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி அந்தக் கேட்டுக்குள் நான் வரக் கூடாது. சரிதான்.

குமாரை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். என் கையைப் பார்த்தார். "நாங்களுந்தான் பூஜைக்கு வச்சோமுங்க. எங்க வெக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு வச்சோம்" என்றார்.

அவருக்கு மூன்று பெண்கள்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

குமாரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கேள்வி. சோஹைல் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினேன். எப்போதும் குல்ஷன் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தூக்குவாளியைத் திருப்பி அனுப்புவாள். இந்த முறை கழுவி, காலியாக வந்தது.

9 நவம்பர், ஞாயிறு

மத்தியானம் சோஹைலின் மகள் அல்மாஸ் புது ஸ்கூட்டியோடு கடை வாசலில் வந்து நின்றாள். "அங்கிள், இதுக்குப் பொட்டு வெக்கணுமாம். அப்பா சொன்னாரு" என்றாள். போன வாரம் அப்பா மறுபடி பறந்தார் என்றும் சொன்னாள்.

சந்தனத்தைக் குழைத்தேன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்ன வண்டி இது, எங்கே எந்தத் துளை இருக்கிறதோ!

"எங்க வெக்கட்டும்மா?"

எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது. "ஹெட்லைட்டுல மட்டும் வைடா!"

வைத்தேன். பிரேக்கை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணை அனுப்பினேன். பிறகு ரோட்டைத் தாண்டிப் போனேன். சோஹைல் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரெண்டு டீ சொல்லியிருந்தான்.