கூட இருக்க ஒரு ஆள்

அக்கா,

இன்று பகலில் துருகம் சாலை மருந்துக்கடையில் ஒரு ரப்பர் ஷீட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மடிப்பைப் பிரித்ததும் அந்த வாசனை குப்பென்று வந்தது. உங்கள் அறை, உங்கள் கட்டில், ஜன்னலோரம் நீங்கள் வைத்திருந்த டெட்டால் பாட்டில் எல்லாம் கண்முன் வந்துவிட்டன. தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. நான் ஷீட்டை மடியில் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன்.

ஷீட் எனக்குத்தான். கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். பயப்படும்படி ஒன்றுமில்லை, கட்டிதான் என்றார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் பெண் மளமளவென்று ஒப்பித்தாள். நைட்டி, பழைய வேட்டித் துணி, ஃபிளாஸ்க், ரப்பர் ஷீட். கடைசியாக, "கூட ஒரு ஆளு வேணும்ங்க. பொம்பள ஆளு. ஒரு வாரம் இருந்து துணி மாத்தி வுடணும்" என்றாள். ஆளைத் தவிர மற்ற எல்லாம் வாங்கியாகிவிட்டது.

மகள் ஓசூரில் இருக்கிறாள். அவளே பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, அவளைக் கூப்பிட முடியாது. அவள் அப்பாவும் இல்லை, உங்களுக்குத் தெரியும். மிச்சமிருப்பது நம் புதன்கிழமைக் கூட்டம்தான். போன வாரம் ஒவ்வொருவராக ஜெப விண்ணப்பம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்லைங்க, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது அக்கா. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தனை நாள் நின்றவள் சொல்லக்கூடிய பதிலா இது? உயிரோடு இருந்தால் நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்ட ஆள் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

கச்சிராயபாளையம் சாலையில் இருந்த உங்கள் வீட்டுக்கு நான் முதலில் வந்தது ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க. கல்வராயன் மலையில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றுக் கீழே இறங்கியிருந்தீர்கள். அளவெடுத்து முடித்துக் கிளம்பியவளை நீங்கள் விடவில்லை. "உக்காருடி, காபி குடிச்சிட்டு போ. கூட்டம் ஆரம்பிக்கப் போவுது. சாமி ஒண்ணும் உன்ன கடிச்சிட மாட்டாரு" என்றீர்கள். உள்ளே பாய் விரித்திருந்தது. எஸ்தரம்மா, கிரேஸ், இன்னும் இரண்டு பேர். எஸ்தரம்மா ஹெட்மாஸ்டர் வீட்டு அம்மா, கூட்டத்தில் அவர் ஜெபித்தால் தண்ணீர் ஓடுகிற மாதிரி வார்த்தை வரும். அன்றைக்கு அவர் என் நெற்றி விபூதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு இன்னாம்மா?"

"லட்சுமிங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். "லட்சுமி தானா வூட்டுக்குள்ள வந்தா யாருனா போவ சொல்லுவாங்களா எஸ்தரு?" என்றீர்கள். அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் பெயரை மாற்றிக்கொள்ளாமல், வருகிற புதனை மட்டும் தவறவிடாமல் இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் முழுக்க நாம் படித்தது ஊழியம், தியாகம், ஜெபம் என்ற மூன்றையும்தான். சபையிலிருந்து ஜெராக்ஸ் தாளில் கேள்விகள் வரும். கிரேஸ் வாசிப்பாள், எஸ்தரம்மா பதில் சொல்வார், மற்றவர்கள் ஆமோதிப்போம். ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவின பகுதி வந்தபோது, நாமும் அடுத்த வாரம் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம் என்று முடிவானது. எல்லாருக்கும் ஒரே உற்சாகம். அடுத்த புதன் வந்து பார்த்தால் அத்தனை பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தோம். கிரேஸ் நகத்துக்குப் பாலிஷ் வேறு போட்டிருந்தாள். நான் மஞ்சள் பூசியிருந்தேன். எஸ்தரம்மாவிடம் பவுடர் மணத்தது. பேசின் தண்ணீர் ஊற்றின மாதிரியே தெளிவாக இருந்தது.

"அழுக்கே இல்லாத காலுக்கு இன்னாத்துக்குடி தண்ணிய வேஸ்டு பண்றோம்?" என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டு உங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நீங்களே சிரித்தீர்கள். உங்கள் குதிகாலையும் கல்லில் தேய்த்துத்தான் வைத்திருந்தீர்கள். அன்று நாம் எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்தோம். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்குப் புரிய நாளானது. கழுவ எல்லாரும் தயார். அழுக்குக் காலை நீட்டத்தான் ஒருவருக்கும் மனசில்லை.

பிறகு பக்கவாதம் வந்து உங்களுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, காலும் கையும் சொன்னபடி கேட்கவில்லை. சென்னையிலிருந்து மகன் வந்து ஒரு ஆளை வேலைக்கு அமர்த்திவிட்டுப் போனார். அந்தப் பெண் துணி மாற்ற வந்தாலே நீங்கள் கத்துவீர்கள். "நானே செஞ்சிப்பேன், கிட்ட வராத." இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். சாப்பாட்டை மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்து அனுப்பினார்கள். மகன் போன் செய்தால், "ஆளு இருக்குது, நல்லா பாத்துக்குது" என்று பொய் சொன்னீர்கள்.

கூட்டத்தை அப்போதும் உங்கள் வீட்டில்தான் வைத்தோம், உங்கள் கட்டிலைச் சுற்றி. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து மேசையில் அடுக்கினோம். அறையில் மூத்திர வாடை அடித்தது. எல்லாருக்கும் அடித்தது அக்கா. போர்வைக்கு அடியில் ஷீட் நனைந்திருக்கிறது என்று அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். நீங்கள் எவ்வளவு மரியாதையான ஆள், உங்களிடம் போய் அதை எப்படிக் கேட்பது என்று நினைத்தோம். அல்லது அப்படி நினைத்ததாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். ஜெபிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம், அது எவ்வளவு வசதி என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. ஜெபம் நீண்டுகொண்டே போகும். முடிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவோம்.

அப்படி ஒரு புதன்கிழமை, விண்ணப்பங்கள் வழக்கம்போலவே போயின. கிரேஸ் தம்பிக்கு வெளிநாட்டு வேலை. எஸ்தரம்மாவுக்கு ஆவியில் இன்னும் ஆழம். இன்னொரு அம்மாவின் மகளுக்கு வடக்கனந்தலில் சம்பந்தம். கடைசியில் கிரேஸ் உங்களைப் பார்த்து, "உங்களுக்கு சுகத்துக்காக ஜெபிக்கிறோம் அக்கா" என்று அவளே சொல்லி முடிக்கப் பார்த்தாள்.

"அது வேணாம்" என்றீர்கள். கோணிய வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "நான் ஈரத்துல கெடக்குறேன். காலையில இருந்து. துணி மாத்தி வுட ஒரு ஆளு வேணும். இதான் என் விண்ணப்பம்."

உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. எங்களில் யாராவது ஒருத்தி எழுந்து ஓடி வந்திருக்க வேண்டும். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. விண்ணப்பம் என்று காதில் விழுந்ததும் எஸ்தரம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். "அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் சகோதரியின் தேவையை நீர் அறிந்திருக்கிறீர். ஏற்ற வேளையில் ஏற்ற ஒரு ஆளை இந்த வீட்டுக்கு அனுப்பும் ஆண்டவரே" என்று உருகி உருகி ஜெபித்தார். நாங்கள் எல்லாரும் ஆமென் என்றோம். நானும் சொன்னேன், நல்ல சத்தமாகவே.

"கண்ண தொறங்கடி" என்றீர்கள். "ஜெபத்த கேட்டுட்டாரு. ஆளு அனுப்பிக்கிறாரு பாரு. ஒண்ணு கேட்டா அஞ்சு அனுப்பிக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. எஸ்தரம்மா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். கிரேஸுக்குப் போன் வந்தது, அல்லது வந்ததாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனாள். மற்ற இரண்டு பேரும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். நான் மட்டும் அங்கேயே இருந்தேன். லட்சுமிக்கு இருந்த அன்பு யாருக்கும் இல்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அது உண்மையில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், எல்லாரும் வெளியேறிய பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது. அதற்குள் நீங்கள் என்னைப் பார்த்துவிட்டீர்கள்.

கதவைச் சாத்தினேன். நீங்கள் நல்ல கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டீர்கள். எனக்கு எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. விழுந்த கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "நான் இன்னா அரிசி மூட்டையா? மொதல்ல ஒருக்களிச்சி வையி" என்று முந்தானைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. துடைத்து, பவுடர் போட்டு, துணி மாற்றி முடிக்கும்வரை நீங்கள் முகத்தைக் காட்டவில்லை. நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் வந்தேன். அதற்கடுத்த நாளும் வந்தேன். தையல் கடையைத் திறக்குமுன் ஒரு தடவை, மூடிய பிறகு ஒரு தடவை. நாலைந்து நாள் கழித்து முந்தானை மெல்ல விலகியது.

"ஏண்டி, உனுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்குதுக்கா."

"எனுக்கும்தான். மலையில எத்தினி பேருக்கு இத பண்ணிக்கிறேன். அப்ப தெரியல, படுத்துக்கினு இருக்கறவளுக்கு எப்டி இருக்கும்னு. ஆனா மலையில ஒருத்திக்கு வலி வந்தா ஊரே கேக்கற மாதிரி கூப்புடுவா, டோலி கட்டி தூக்கிக்கினு வர ஆளு ஓடியாரும். கீழ நாமதான் பல்ல கடிச்சிக்கினு கெடக்குறோம்."

நான் துணியை உதறினேன். நீங்களே தொடர்ந்தீர்கள்: "சரி வுடு. ரெண்டு பேரும் வெக்கப்பட்டுக்கினே இருப்போம். நீ துணிய மட்டும் மாத்து."

அப்படியே இருந்தோம், நீங்கள் போகிறவரை. கூச்சம் ஒரு நாளும் போகவில்லை. நாள் போகப் போகப் பழகிவிடும் என்று சொல்கிறார்களே, எனக்குப் பழகவே இல்லை. ஆனால் அது ஒரு வேலையையும் தடுக்கவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர் உங்களைப் புகழ்ந்து பேசினார். கடைசிவரை யாருக்கும் பாரமில்லாமல் வாழ்ந்து போனார் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மகன் அழுதார். எனக்குப் பாரமாகத்தானே இருந்தீர்கள் அக்கா. உங்களைப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு பிடித்துக்கொண்டது, ஜாக்கெட் தைத்துக் கொடுக்க முடியாமல் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினேன். ஆனால் அதுவரை என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. நீங்கள் உங்கள் மானத்தையே கொடுத்தீர்கள். அதை எழுந்து சொல்ல நினைத்தேன். உங்கள் மகன் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது எஸ்தரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்வது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கு பஸ்ஸு ஒண்ணும் இல்ல லட்சுமி" என்றார். "ஆறு மணிக்கு மேலதான் பஸ்ஸு. ஸ்டாண்டுல போயி சும்மா உக்காந்துக்கினு இருந்தேன்." அதன் பிறகு இத்தனை வருஷத்தில் அவர் ஜெபத்தில் 'ஆளை அனுப்பும்' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், யாராவது தன்னைக் கேட்கமாட்டார்களா என்று.

இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் போன வாரம் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்தவருக்குச் செய்வதற்கு உங்களிடம் கற்றுக்கொண்டேன். அதைப் பத்துப் பேர் பார்த்துப் பாராட்டவும் செய்கிறார்கள், அந்தப் பாராட்டு இனிக்கிறது. கேட்பதற்கு மட்டும் வாய் வரவில்லை. எஸ்தரம்மா கையில் என் உடம்பைக் கொடுப்பதை நினைத்தாலே காது சுடுகிறது. வாய் கோணிப்போன நிலையிலும் உங்களால் முடிந்தது. வாய் நன்றாக இருந்தும் என்னால் முடியவில்லை.

நாளைக்குப் புதன்கிழமை. கூட்டம் இப்போது என் வீட்டில்தான் நடக்கிறது, மிஷினை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பேன். எல்லாரும் வந்த பிறகு வாய் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, யாரும் இல்லாத இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை அழுகை வந்துவிட்டது. இப்போது உங்களிடம் சொல்கிறேன், சரியாக வருகிறதா பாருங்கள்:

"எஸ்தரம்மா, எனுக்கு ஆபரேசன். கூட இருந்து துணி மாத்தி வுட ஒரு ஆளு வேணும். ஜெபம் அப்பறம் பண்ணிக்கலாம்ங்க. நீங்க வர்றீங்களா?"