மதிப்பீட்டு அறிக்கையின் மூன்றாம் பக்கம்

மந்தைவெளி, சென்னை
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கயல்விழிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ மூன்று பதில் அனுப்பிவிடுவாய். வீட்டு விஷயம் என்பதால் தாளில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

நீ கேட்டபடி வீட்டுக்கு மதிப்புப் போட ஆள் வைத்தேன். வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் பொறியாளர், பெயர் ஃபைசான், முப்பது வயது இருக்கும். அம்மா போன பதினோரு மாதத்தில் எல்லா அறைக்குள்ளும் நுழைந்த முதல் வெளியாள் அவர்தான். சுவரில் சிவப்புப் புள்ளி விழும் கருவி ஒன்றால் அளந்தார். அகலம் பதினான்கு அடி, நீளம் ஐம்பத்திரண்டு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் இதைத் தனியாக இடித்துக் கட்ட எந்த பில்டரும் ஆசைப்பட மாட்டார், விலை அங்கேயே அடிபடுகிறது என்றார். கட்டடத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டதால் அதற்கு மதிப்பே கிடையாதாம். மண்ணுக்குத்தான் விலை. போன வருஷம் நான் மாற்றிய குளியலறைத் தரையும், ஒழுக்குக்காக மொட்டைமாடியில் பதித்த தட்டோடும் அவர் கணக்கில் பூஜ்யம்.

அக்கம்பக்கத் தெருக்களில் இரண்டு வருஷத்தில் விற்ற மூன்று வீடுகளை வைத்துச் சராசரி எடுத்திருக்கிறார். பத்திரத்தில் எழுதின விலை வேறு, கைமாறின விலை வேறு மேடம், அதனால அனுபவத்துல கொஞ்சம் கூட்டிக்குவோம் என்றார். புள்ளியியல் நடத்துகிறவளிடம் இதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இருந்தது. என் மாணவி இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

டீக்கடை முனையில் உட்காரும் தரகர் கதிரேசனுக்கு யார் சொன்னார்களோ, ஃபைசான் பைக்கை நிறுத்துவதற்குள் வந்துவிட்டார். இன்னா டீச்சரம்மா, ஊட்டத் தள்ளிவுடப் போறியா, என்கைல ஒரு வார்த்த சொல்லக்கூடாதா என்று ஆரம்பித்தார். விற்கவில்லை, மதிப்புத்தான் பார்க்கிறோம் என்றேன். அத்தத்தான் எல்லாரும் சொல்றாங்கோ என்று சிரித்துவிட்டு, பாப்பா வந்துகீதா என்று கேட்டார். பாப்பா என்றால் நீ. நாற்பத்துமூன்று வயதிலும் இந்தத் தெருவுக்கு நீ பாப்பா. அது சிரிச்ச மொகம், நான் கேட்டேன்னு சொல்லு என்றார். சொல்லிவிட்டேன்.

மாடியில் பிறகு கட்டிய உன் அறைக்கு வயது குறைவு, ஆனால் அனுமதி வாங்கிய வரைபடத்தில் அது இல்லை. அதனால் அதைச் சேர்க்க முடியவில்லை. வருத்தம்தான்.

உன் பாதிப் பங்குக்கு முப்பத்தொரு லட்சம் என்று போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் பதினோரு வருஷம் இருப்பதால் அந்த அளவுக்கு வங்கிக் கடன் கிடைக்கும். உனக்குச் சம்மதம் என்றால் உன் பங்கை நானே வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவேன். விற்றால் நான் போய் இருக்க வாடகை வீட்டுக்கும் விசாரித்துப் பார்த்தேன். அடையாறில் ஒரு வீட்டுக்கார அம்மாள், தனி ஆளா, அப்ப யார் யார் வந்து போவாங்க என்று கேட்டார். நாற்பத்தொன்பது வயதில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யோசித்து எழுது. குழந்தைக்கு என் முத்தம்.

அன்புக்கரசி


மந்தைவெளி
19 பிப்ரவரி 2025

கயல்,

கூரியர் உன் கைக்கு வந்த பத்தாவது நிமிடம் உன் பதில் வந்துவிட்டது. அக்கா, முப்பத்தொண்ணு போதும், அதுவும் கஷ்டம்னா எதுவுமே வேணாம், வீடு உன்னோடதுதான், நான் கையெழுத்துப் போட்டுத் தரேன் என்று எழுதி, கீழே மூன்று இதயம் போட்டிருந்தாய். நான் ஏன் நான்கு நாள் பேசவில்லை என்று கேட்கிறாய். கோபம். கொடுப்பது உனக்கு எவ்வளவு சுலபம் என்ற கோபம்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். அறிக்கை நான்கு பக்கம். உனக்கு அனுப்பியது இரண்டாம் பக்கம் மட்டும். மூன்றாம் பக்கத்தில் வேறொரு தொகை இருக்கிறது. வீட்டைக் காலி செய்து முழுதாக விற்றால் ஒரு கோடியே எட்டு லட்சம், உன் பாதி ஐம்பத்துநாலு. முப்பத்தொன்று என்பது, உன் பங்கை மட்டும், நான் இங்கே குடியிருக்கும்போதே, ஒரு வெளியாளிடம் விற்றால் வரும் தொகை. உள்ளே ஆள் இருக்கிற பாதி வீட்டை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்களாம். குடியிருக்கிறவங்க காலி பண்ணுவாங்களா மேடம் என்று ஃபைசான் கேட்டார். குடியிருக்கிறவள் நான்தான் என்றேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

அறிக்கை வந்ததும் படித்தேன். நான் இங்கே இருப்பதால் இருபத்துமூன்று லட்சம் குறைகிறது. அவமானமாக இருந்தது. அன்று மாலையே அந்தக் குறைவை உன் தலையில் கட்டலாம் என்று தோன்றிவிட்டது. மூன்றாம் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு உனக்குக் கடிதம் எழுதினேன்.

ஏன் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். உன் மேல் எனக்குப் பொறாமை. நீ போன இடத்தின் மீதோ உன் சம்பளத்தின் மீதோ இல்லை. அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து உனக்கு வீடியோ போடுவாள். பாருடி இன்னிக்கு வஞ்சிரம், பாருடி இன்னிக்குக் கத்திரிக்கா என்று தட்டைத் தூக்கிக் காட்டுவாள். சமைத்தவள் எதிரே உட்கார்ந்திருப்பேன். நீ அம்மாவின் முகத்தைப் பார்த்தாய். ஏழு வருஷம் நான் அந்தப் போனின் முதுகைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

உன் அறை கணக்கில் வராததற்கு வருத்தம் என்று எழுதினேன் அல்லவா? சந்தோஷப்பட்டேன். அம்மா தபால் ஆபீசில் ஓய்வு பெற்று வந்த பணத்தில் கட்டிய அறை, வீட்டில் ஏசி இருக்கும் ஒரே அறை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் வருகிறவளுக்கு. இருந்தாலும் இல்லாத மாதிரிதான் மேடம் என்று ஃபைசான் சொன்னபோது அவருக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன்.

இதில் உன் தப்பு என்ன என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் ஊஞ்சல் பலகையோ புதுப் பேனாவோ, நான் பிடுங்குவதற்கு முன்பே நீ கொடுத்துவிடுவாய். கொடுத்தவள் என்ற பெயர் உனக்கு. பிடுங்கினவள் என்ற பெயர், பிடுங்காமலே, எனக்கு.

இப்போது நீ வீட்டையும் அப்படிக் கொடுத்தால் நான் சாகிறவரை பாப்பா கொடுத்த வீட்டில் இருப்பேன். கதிரேசன் தெரு முழுக்கச் சொல்வார். அவர் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறை பூட்டைத் திறக்கும்போதும் நான் எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

அதனால் நான்கு பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு. ஐம்பத்துநாலுக்கு எனக்குக் கடன் கிடைக்காது. முப்பத்தொன்றை இப்போது தருகிறேன். மீதி இருபத்துமூன்றை ஓய்வு பெறுவதற்குள் வருஷா வருஷம் அனுப்புகிறேன். இது போதாது என்று நீ சொல்லலாம். வட்டி கேட்கலாம். மெட்ரோ வந்தால் விலை ஏறும், அதையும் சேர் என்று கேட்கலாம். மூன்று வீட்டுச் சராசரியை நம்ப மாட்டேன், வேறு ஆள் வைத்துப் பார் என்று சொல்லலாம். அப்போது நானும் சும்மா இருக்க மாட்டேன். பொதுச்சுவரைக் காட்டிக் குறைக்கச் சொல்வேன். தட்டோட்டுக்கும் குளியலறைக்கும் ரசீது வைத்திருக்கிறேன். எனக்குக் கட்டுப்படி ஆகாமல் போய், வீட்டை விற்றுத்தான் தீர வேண்டும் என்று முடிந்தால், காலி செய்து கொடுப்பேன்.

நீயும் உன் வீடும் நிறைந்து இருக்க வேண்டும். என் பொறாமை எதுவும் உன் குழந்தை மேல் விழ வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை, கேட்க நீ விட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இந்த ஒரு தடவை கொடுத்துவிடாதே, கயல். முடியாது என்று சொல். கூட்டிக் கேள். என்னோடு பேரம் பேசு.

உன் அக்கா
அன்புக்கரசி